வாலை அடக்கிய காலமும் அவிழ்க்கும் காலமும்

தொண்ணூறுகளில், நுணாவிலில் இருந்த சின்ன மாமாவின் கராச்சுக்கு எந்தக் கார் வந்தாலும் அதன் பின்பக்கத்தில் அவர் இரண்டு வேலை செய்வார். பின் ஸ்பிறிங்கில் ஒரு தகடு கூட்டுவார். பின் ரயர்களுக்கு முன் ரயர்களைவிடக் காற்றுக் கொஞ்சம் கூட அடிப்பார். முடக்கில் திரும்பும்போது காரின் வால் அடங்கி வரவேண்டும், அதுதான் நோக்கம். இன்று அதே வளவில், அதே சீமெந்துக் குழியின் மேல், மருமகன் பந்தயத்துக்கு ஓட்டுகிற பழைய ஃபோர்ட் லேசர் நிற்கிறது. அதன் பின்பக்கத்தை நான் விறைப்பாக்குகிறேன். பின் ரயர்களுக்கு முன் ரயர்களைவிடக் காற்றுக் கூட அடிக்கிறேன். முடக்கில் வால் அவிழவேண்டும், அதுதான் நோக்கம்.

ஒரே கைவேலை அன்று வாலை அடக்கியது, இன்று வாலை அவிழ்க்கிறது. பார்த்தால் நேர்முரண். ஆனால் மாமா அன்று கண்ணாலும் காதாலும் பிடித்துக்கொண்ட விதியும், உலகமெங்கும் பந்தயக்காரர் கணக்குப் போட்டுப் பார்க்கிற விதியும் ஒன்றேதான். எந்தச் சில்லில் எவ்வளவு பாரம் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் போனது, பெற்றோலும் தடைசெய்த பொருளானது. ஒளித்துக் கொண்டுவந்த பெற்றோல் போத்தல் கணக்கில் விலைப்பட்டது. ஆனாலும் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கலியாணத்துக்கு ஆள் ஏற்ற வேண்டும், செத்தவீட்டுக்குப் போக வேண்டும். ஊரில் இருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் மண்ணெண்ணெய்க்குப் பழகின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பது. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். மாமா பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைப்பார். எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் ஓரமாக இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கப்பண்ணும். ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் உரசிப் பார்த்தே அதை மாற்றும் நாளைச் சொல்லுவார்.

மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தக் கார்கள் சுமந்த பாரத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கேம்பிரிட்ஜ் ஐந்து பேருக்குச் செய்த கார். ஓடும் கார்கள் குறையக் குறைய, ஓடுகிற ஒன்றில் எல்லோரும் ஏறினார்கள். உள்ளே எட்டு, ஒன்பது பேர், டிக்கிக்குள் நெல்மூட்டை, கூரையில் சைக்கிள். தார் கழன்ற றோட்டு. அந்தப் பாரத்தில் பின் ஸ்பிறிங் தட்டையாகி, அச்சு மேலெழும்பி றப்பர்த் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டிய கணத்திலிருந்து அந்தக் காருக்குப் பின்னால் ஸ்பிறிங்கே இல்லை என்றுதான் அர்த்தம். குழியில் விழுந்தால் வால் துள்ளும். முடக்கில் துள்ளினால் பக்கவாட்டில் வெட்டும். முன்பக்கம் இலேசாகி ஸ்ரியறிங் கையில் ஒன்றும் சொல்லாது.

அதற்குத்தான் மாமா லொறிக் கழிவிலிருந்து எடுத்த தகட்டை வெட்டி, வளைத்து, கேம்பிரிட்ஜின் ஸ்பிறிங் கட்டுக்குள் சேர்த்தார். அதற்குத்தான் பின் ரயரின் காற்றைக் கூட்டினார். பாரத்தில் ரயரின் பக்கச்சுவர் மடியாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். பாரம் ஏற்றுகிறவர்களிடம் அவர் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு.

"மூட்டையை அச்சுக்கு முன்னால வை மோனை. அச்சுக்குப் பின்னால வைச்சியெண்டால், பிறகு காரை ஓட்டுறது நானில்லை, மூட்டைதான்."

இந்தப் பாடத்தை அவர் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிக்கவில்லை. என் அம்மப்பா மாட்டுவண்டிக்காரர். மீசாலை, மட்டுவில் பக்கத்து மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் சாவகச்சேரிச் சந்தைக்கு அவர் வண்டியில் வந்தவை. வண்டியில் பாரம் முன்னுக்கு ஏறினால் மாட்டின் கழுத்து அமிழும். பின்னுக்குப் போனால் நுகம் எழும்பித் தொண்டைக் கயிறு இறுகும். முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் வண்டி பூட்ட முடியாது. சவாரித் திடலில் வண்டியில் நிற்பவர் உடம்பை முன்னே சாய்ப்பதும் பின்னே எடுப்பதும் வேடிக்கைக்கல்ல, மாடுகளின் கழுத்தில் நிற்கும் பாரத்தை அவர் ஓட ஓடச் சரிசெய்துகொண்டிருக்கிறார். தென்மராட்சியில் பிறந்தவனுக்கு இது சிறுவயதிலேயே கண்ணுக்குள் போய்விடும். மாமா செய்தது, அந்தக் கண்ணைக் காருக்கும் வைத்ததுதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குச் சுமார் 16 கிலோமீற்றர். அன்று மழைக்குள் அந்தத் தூரத்தைச் சனம் இரவிரவாக நடந்தது. நடக்க முடியாத முதியவர்களை ஏற்றிய கார்கள் அந்தச் சனத்தோடு சனமாக, நடையின் வேகத்தில் ஊர்ந்தன. மாமாவின் தகட்டுக்கும் காற்றுக்கும் அந்த இரவில் வேலை இருந்தது, வேகத்துக்கு இருக்கவில்லை. அதைப்பற்றி இங்கே இதற்குமேல் எழுத முடியாது. அது தனியாக எழுத வேண்டியது.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் கற்குவியலானது. மாமா திரும்பி வந்தபோது கராச்சின் கூரை இல்லை, சுவர் இல்லை, உபகரணம் ஒன்றும் இல்லை. காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்யும் சீமெந்துக் குழி மட்டும் மண் மூடிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கி, அதைச் சுற்றித்தான் மறுபடி கம்பு நட்டார்.

1959ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை. பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் அந்த ஒரே ஆண்டில் இரண்டு கார்களை வெளியிட்டது. ஜனவரியில், இத்தாலியப் பட்டறை உருவம் கொடுத்த, மீன்செட்டை வைத்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். எஞ்சின் முன்னுக்கு, உந்துவது பின்சில்லு. ஓகஸ்டில் மினி, எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து, முன்சில்லால் இழுக்கிற குட்டிக் கார். மினியை வரைந்த அலெக் இஸிகோனிஸ்தான் எங்கள் ஊர் ஆசிரியர்களும் அப்புக்காத்துமாரும் விரும்பி வாங்கிய மொறிஸ் மைனரையும் 1948இல் தந்தவர். கேம்பிரிட்ஜ் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆளையும் மூட்டையையும் சுமந்தது. மினி 1964இல் மொன்ரி கார்லோ றாலியை வென்றது.  மினியை றாலிகளில் ஓட்டிய பின்லாந்துக்காரர், வலது கால் அக்சிலறேற்றரில் இருக்க இடது காலால் பிறேக்கைத் தொட்டு, முடக்குக்குள் வாலை வேண்டுமென்றே அவிழ்த்தார்கள். எங்கள் வளவில் இன்று நடப்பதெல்லாம் அவர்கள் காலால் செய்ததைச் சாவியாலும் காற்றுப் பம்பாலும் முன்கூட்டியே செய்து வைப்பதுதான்.

லேசருக்கு வருகிறேன். மஸ்டா 323உம் ஃபோர்ட் லேசரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1980இல் மஸ்டா 323 முன்சில்லு இழுவைக்கு மாறியது. பின்சில்லுகள் இரண்டும் தனித்தனியாக ஸ்பிறிங்கில் தொங்கும் அமைப்பு அந்தக் கார்களுக்கு வாய்த்தது. இலங்கைப் பந்தயங்களில் இவை இரண்டுக்கும் சேர்த்து 1500 சி.சி. என்று தனி வகுப்பே உண்டு. காசில்லாதவன் பந்தயத்துக்குள் நுழையும் வாசல்களில் அது ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் பழைய காரெல்லாம் தங்கமானது. தொண்ணூறுகளில் புதுக்கார் வர வழியில்லாமல் முப்பது வயதுக் கேம்பிரிட்ஜைக் காப்பாற்றினோம். முப்பது ஆண்டு கழித்து, அதே போலப் புதியது வராத காலத்தில், நாற்பது வயது லேசரைக் காப்பாற்றினோம். 2022இல் பெற்றோலுக்கு வரிசை வந்து, ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கு வைத்தபோது தென்னிலங்கை நண்பர்கள் திகைத்துப்போனார்கள். மாமா திகைக்கவில்லை. 20 லீற்றரா என்று வாய்விட்டுக் கேட்டார். அவர் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் செல்வம்.

முன்சில்லு இழுக்கிற காரில் எஞ்சின், கியர்ப்பெட்டி எல்லாம் முன்னுக்கு. மொத்தப் பாரத்தில் 60 முதல் 65 வீதம் முன் அச்சில் நிற்கும். ஒரே ஆளிடம் கிணறு வெட்டவும் வேலி அடைக்கவும் மாடு கறக்கவும் ஒரே நேரத்தில் சொன்னது போல, காரை இழுப்பதும் திருப்புவதும் பிறேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அந்த இரண்டு ரயர்களின் தலையில். முடக்கில் அக்சிலறேற்றரை மிதித்தால் அவற்றின் பிடிப்பு முடிந்துபோகிறது. ஸ்ரியறிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. புத்தகக்காரர் அண்டர்ஸ்ரியர் என்பார்கள்; எங்கள் பெடியன்கள் மூக்குத் தள்ளுது என்பார்கள். கொம்பனிக்காரன் இதைத் தெரியாமல் செய்யவில்லை. மூக்குத் தள்ளும் காரில் பயந்துபோன சாதாரண மனிதன் காலை எடுப்பான். காலை எடுத்தால் வேகம் குறையும், கார் வழிக்கு வரும். வால் அவிழும் காரில் காலை எடுத்தால் கார் சுழலும். றோட்டில் போகிற தாய் தகப்பனுக்கு மூக்குத் தள்ளும் கார்தான் நல்லது. இதை நான் ஒவ்வொரு பெடியனுக்கும் சொல்லித்தான் சாவியைக் கையில் எடுப்பேன்.

பந்தயத்துக்கு அது போதாது. மூக்குத் தள்ளும் நேரமெல்லாம் இழக்கும் நேரம். அப்படியென்றால் முன் ரயர்களின் சுமையை எப்படிக் குறைப்பது? இங்கேதான் அந்த விதி வருகிறது. ரயரில் பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும், ஆனால் அதே அளவில் ஏறாது. 200 கிலோ நிற்கும் ரயரில் 400 கிலோவை நிறுத்தினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். முடக்கில் உட்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கச் சில்லுகளுக்குப் பாரம் மாறுகிறது. மொத்தமாக எவ்வளவு மாறும் என்பதை வேகமும் முடக்கின் வளைவும் காரின் உயரமும் சில்லுகளின் இடையகலமும் தீர்மானித்துவிடும். அதை முன் அச்சும் பின் அச்சும் எப்படிப் பங்குபோடும் என்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது. விறைப்பான அச்சு கூடப் பங்கை எடுக்கும், கூடப் பிடிப்பை இழக்கும்.

ஆகவே பின்பக்கத்தை விறைப்பாக்குகிறோம். பின் ஸ்பிறிங் கடினமானது, பின்னால் குறுக்கே ஓடும் உருளல் தடுப்புக் கம்பி தடித்தது. முடக்கில் பாரமாற்றத்தின் பெரும்பங்கைப் பின் அச்சு எடுத்துக்கொள்ள, உட்பக்க முன்சில்லு தரையில் அழுந்தி நின்று இழுக்கிறது. பின் அச்சு கொஞ்சம் பிடிப்பை விடுகிறது. வால் சற்றே வெளியே வந்து காரின் மூக்கை முடக்குக்குள் காட்டிவிடுகிறது. நன்றாக அமைந்த காரில் உட்பக்கப் பின்சில்லு தரையை விட்டு எழும்பும். எழும்பியதோடு பின் அச்சு தன் பங்கை முழுவதும் கொடுத்து முடித்துவிட்டது. அதற்குமேல் இன்னும் தடித்த கம்பி போடுவது காசை வீணாக்குவது. இதை விளங்காமல் கொழும்பிலிருந்து விலை கூடிய கம்பி எடுப்பித்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சில்லெழும்பிய படத்தை மருமகன் கைப்பேசியில் மாமாவிடம் காட்டினான். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சில்லு ஏன் மேல நிக்குது? ஸ்பிறிங் உடைஞ்சு போச்சோ?"

"இல்லைத் தாத்தா. அப்பிடித்தான் நிக்கவேணும். மாமா பின்பக்கத்தை இறுக்கினவர்."

மாமா என்னைப் பார்த்தார். "நான் இறுக்கினது வால் வெட்டாமலிருக்க. நீ என்னத்துக்கு இறுக்கினனீ?"

"உங்கட காரில பின்னுக்கு மூட்டை இருந்தது மாமா. அச்சு தடுப்பில முட்டிக்கொண்டு நிண்டது. நீங்கள் இறுக்கி அதை ஸ்பிறிங்கில நிக்கப்பண்ணினீங்கள். இதில பின்னுக்கு ஒண்டுமே இல்லை. சீற்றைக் கூடக் கழட்டியாச்சு. இறுக்கினால் அது நிலத்தை விடும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார். "அப்ப முன்னுக்கு நிக்கிற உள்ச்சில்லுக்குப் பாரம் மிஞ்சுது. அதால இழுக்குது. என்ன?" புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்து நான் விளங்கியதை அவர் ஒரு கைவிரிப்பில் பிடித்துவிட்டார். அந்த அறிவுக்கு இந்த நாட்டில் ஒரு சான்றிதழும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

காற்றும் அப்படித்தான். கேம்பிரிட்ஜின் பின் ரயருக்குச் சுமக்கப் பாரம் இருந்தது, கூட்டிய காற்று ரயரை நிமிர்த்தி வைத்தது. லேசரின் பின் ரயருக்குச் சுமக்க ஒன்றுமில்லை. தேவைக்குமேல் காற்று ஏறினால் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி வழுக்கும். குளிர்ந்த நிலையில் முன்னுக்கு 30 பி.எஸ்.ஐ. என்றால் பின்னுக்கு 36இல் தொடங்கி, இரண்டு இரண்டாக ஏற்றி இறக்கிப் பார்ப்போம். ஒரு சதமும் செலவில்லாத மாற்றம் இது, மனம் மாறினால் ஒரு நிமிடத்தில் பழையபடி வைக்கலாம். இதைச் செய்து பார்க்காமல் எவரும் கம்பிக்கும் ஸ்பிறிங்குக்கும் காசைக் கொட்டக் கூடாது. ரயரின் தோளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்துப் பொலிஷைத் தடவிவிட்டு ஓடிப் பார்ப்போம். பொலிஷ் எந்த இடம்வரை தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், ரயர் மடிந்து பக்கச்சுவரில் ஓடியதா, தோளைத் தொடாமலே ஓடியதா என்று தெரிந்துவிடும்.

முன்சில்லுகளின் தலையை இரண்டு, மூன்று பாகை உள்ளே சாய்த்து வைக்கிறோம். கார் முடக்கில் சரியும்போது வெளிப்பக்க முன்சில்லு நிமிர்ந்து முழு அகலத்தில் தரையில் பட அது தேவை. பின்சில்லுகளின் முன்விளிம்பை ஓரிரண்டு மில்லிமீற்றர் வெளியே திறந்து வைக்கலாம். மூக்கு உடனே திரும்பும், ஆனால் நேர்ப்பாதையில் கார் அலையும். இதை அளக்கக் கொழும்பில் ஒளிக்கதிர்க் கருவி இருக்கிறது. நாங்கள் காரின் இரு பக்கமும் தங்கூசி கட்டி, அடிமட்டம் வைத்து அளக்கிறோம். தங்கூசி இறுக்கமாக, காருக்குச் சமாந்தரமாக நின்றால் அந்த அளவில் பிழை வராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவோம். இரண்டை மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது.

பார்க்கிற இடம்தான் இல்லை. கைதடித் தரவையில் கோடை வெயிலில் மண் இறுகிய காலத்தில், ஆடு மாடு நிற்காத பக்கமாக, 15 மீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போடுவோம். சுற்றளவு 94 மீற்றர். 11 செக்கனில் சுற்றினால் மணிக்கு 31 கிலோமீற்றர் வேகம்தான். அந்த வேகத்திலேயே கார் முழுக்கதையையும் சொல்லிவிடும். மூக்குத் தள்ளினால் வட்டம் பெரிதாகும், வால் அவிழ்ந்தால் வட்டம் சிறுக்கும். மழை விழுந்தால் தரவை சேறாகிவிடும். மாசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நூறு மீற்றருக்கு அறுபது மீற்றர் தார்த்தளம் ஒன்று இருந்தால் போதும். ரொறொன்ரோவில் இருக்கும் என் தம்பியின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் றப்பர்க் கூம்புகளுக்கிடையில், தினமும் வேலைக்குப் போகும் அதே காரில் போட்டிக்கு ஓடுகிறான். ஒரு நேரத்தில் ஒரு கார், தலைக்கவசம், நேரத்தை எழுத ஒருவர், கூம்பை நிமிர்த்தச் சிலர். அவ்வளவுதான். எங்கள் வடக்கில் தார்த்தளத்துக்குப் பஞ்சமில்லை, அதைத் திறந்துவிட எண்ணம் கொண்டவர்களுக்குத்தான் பஞ்சம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் போட்ட விமான ஓடுபாதைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போட்டது ஐம்பதுகளில் பந்தயப்பாதையாகி, பல தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தது. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தையில் போட்டது இன்றும் இலங்கையின் பந்தயப்பாதைகளில் ஒன்று. அதே போரில் அதே கையால் போட்ட பலாலி, உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டு, 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. விமானம் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் பெடியன் ஒரு தார்ப்பாதையில் காரைச் சோதிக்க நானூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது.

மண்பாதைப் பந்தயம் என்றால் பெரும்பாலும் இராணுவ வளவுக்குள். தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில், அனுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா சூப்பர்குறொஸ். 1996க்குப் பிறகு எங்கள் ஊரில் இராணுவச் சென்றி கண்டால் தலைவிளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, ஊர்ந்து போவோம். எவ்வளவு மெதுவாகப் போகிறோமோ அவ்வளவு நல்லவர்கள். சாலியபுர வாசலில் சீருடை போட்ட இளைஞன் காரின் இலக்கத்தைப் பட்டியலில் பார்த்து உள்ளே விட்டான். உள்ளே எங்கள் வேலை, இயன்ற மட்டும் வேகமாக ஓடுவது. மருமகன் 2001இல் பிறந்தவன். அவன் சிங்களத்தில் இரண்டு வசனம் பேசிச் சிரித்துவிட்டுக் கியரைப் போட்டான். பக்கத்துச் சீற்றில் இருந்த என் கை உள்விளக்கின் சுவிச்சில் இருந்தது.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில், ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் போனது. ஏழு பேர் இறந்தார்கள், ஒரு சிறுமி உட்பட. அந்த வீடியோவைப் பார்த்த இரவு நான் லேசரின் அளவுகளை எழுதும் கொப்பியைத் தொடவில்லை. வாலை அவிழ்ப்பது பற்றி எழுதும் எவரும் அந்த ஏழு பேரை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். பிறகு நடந்த எங்கள் தரவை ஓட்டங்களில், பார்க்க வரும் சின்னப் பிள்ளைகளை மரங்களுக்கப்பால் நிறுத்திவிட்டுத்தான் எஞ்சினை எழுப்புகிறோம். யாராவது அங்கே கட்டிய கயிற்றைத் தாண்டினால் கார் நிற்கும். இதில் மருமகனுக்கும் எனக்கும் பேச்சு வேறுபாடு கிடையாது.

ஏ9 வீதி எனக்கு இன்னும் பெரிய கவலை. போருக்குப் பிறகு கண்ணாடி போல் தார் போட்டார்கள். கொடிகாமத்திலிருந்து கைதடி வரை இரவில் பெடியன்கள் ஸ்பிறிங்கை வாளால் அறுத்துத் தாழ்த்திய கார்களில் பறக்கிறார்கள். அறுத்த ஸ்பிறிங் அச்சைத் தடுப்பில் முட்டவைக்கும். மாமா லொறித்தகடு தேடி எந்த நோயைத் தீர்த்தாரோ அந்த நோயை இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதில் ஒருவன் எங்கள் வளவுக்கு வந்து கேட்டான்.

"அண்ணை, எனக்கும் அந்தக் காருக்குச் செய்த மாதிரிப் பின்னுக்கு இறுக்கித் தாங்கோ."

"தம்பி, அந்தக் கார் றோட்டில ஓடுறேல்லை. லொறியில ஏத்தித்தான் கொண்டு போறனாங்கள். மழைக்குள்ள நாவற்குழி முடக்கில ஒரு நாய் குறுக்கால வந்து நீர் காலை எடுத்தால், உம்மட கார் பின்னாலதான் பாலத்தைப் பாக்கும்."

அவன் முகம் சுண்டிப்போனது. நான் அவனை அப்படியே அனுப்பவில்லை. அவன் காருக்கு அறுக்காத ஸ்பிறிங் தேடிப் போட்டு, நான்கு ரயருக்கும் கொம்பனி சொன்ன காற்றை அடித்து, அடுத்த கோடையில் தரவைக்கு வரச் சொன்னேன். வந்தான். மணிக்கு 31 கிலோமீற்றரில் கார் தன்னைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டபிறகு அவனுடைய இரவுப் பறப்பு நின்றுவிட்டது என்று அவன் தாய் சந்தையில் என்னைக் கண்டு சொன்னார். நகரசபையும் பிரதேச சபையும் கேட்கட்டும்: ஒரு தளம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில கூம்புகள். அந்தப் பெடியனைப் போல இன்னும் எத்தனையோ பேர் ஏ9இல் தேடுவது அதைத்தான்.

இப்போது லேசரில் ஒரு பிரச்சினை. இறுகிய முடக்குக்குப் பிறேக் பிடித்து நுழையும்போது வால் தேவைக்குமேல் வருகிறது என்கிறான் மருமகன். ஆனால் சில நாளில் வருகிறது, சில நாளில் வருவதில்லை. காற்று ஒன்றே, கம்பி ஒன்றே. கம்பியின் பிடியை ஒரு துளை தளர்த்துவோமா என்று குழிக்குள் நின்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். கதிரையில் இருந்த மாமா கேட்டார்.

"பெற்றோல் ராங்கி எங்கை இருக்கு? அச்சுக்கு முன்னாலயோ, பின்னாலயோ?"

"பின்சீற்று இருந்த இடத்துக்குக் கீழ மாமா. அச்சுக்குக் கிட்ட."

"அப்ப நிரப்பின நாளில எப்பிடி, நிரப்பாத நாளில எப்பிடி?"

20 லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 15 கிலோ. பின் அச்சில் நிற்பதே முந்நூற்றுச் சொச்சம் கிலோ உள்ள காரில் அது சின்னப் பாரமல்ல. கொப்பியில் காற்று, கம்பித்துளை, சாய்வு, நேரம் என்று இருந்த நிரல்களுக்குப் பக்கத்தில் மருமகன் பெற்றோலுக்கும் ஒரு நிரல் போட்டிருக்கிறான். வரும் மாசியில், தரவை காய்ந்ததும், ராங்கியில் 5 லீற்றரோடு ஒருமுறையும் 25 லீற்றரோடு ஒருமுறையும் வட்டம் ஓடிப் பார்க்கிறோம். அதுவரை கம்பியைத் தொடக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார்.